முதற் கணிப்பொறியும் ஓர் ஈற்றெழுத்தும்



என் பேரன் ஈராண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், பாடத்திற்கும் விளையாட்டிற்குமாக ஒரு கணிப்பொறி அமைக்க விழைந்தான். விலை சற்றுக் குறைவென்று ஒரு செயலியைத் தேர்ந்தான், நானும் தலையசைத்தேன். பூட்டி முடித்து விசையை அழுத்தினோம். விசிறி சுழன்றது, திரையோ இருண்டே கிடந்தது.

செயலியின் பெயரீற்றில் 'எஃப்' என்றோர் எழுத்து இருந்தது. இன்டெல் செயலிகளில் அது, திரைக்குப் படம் அனுப்பும் வரைகலைப் பகுதி இல்லை என்பதன் குறியாம். வினாவை இறுதிவரை படியுங்கள் என 35 ஆண்டுகள் போதித்த நானே அதனைப் படியாது விட்டேன்!

தனி வரைகலை அட்டைக்கும் பணம் உண்டெனில், அவ்வகைச் செயலி சிக்கனமே. பெரிய விளையாட்டுகளின் வேகத்தைப் பெரும்பாலும் ஆள்வது அவ்வட்டையே. ஆதலின் செயலிக்கே பணமனைத்தையும் கொட்டுதல் வேண்டா. அட்டைக்கு வழியில்லையெனில், 2021-இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி போன்று, ஆறு கோர்களும் வரைகலையும் ஒருங்கே அமைந்ததைக் கொள்க. பாடங்களுக்கும் எளிய விளையாட்டுகளுக்கும் அது போதும். நினைவகத்தை ஒரே பட்டையாக இடாது, இரண்டாகப் பகுத்து இடுக. வரைகலை விரைவு பெறும்.

பேரன் மீண்டும் பணம் சேர்த்து அட்டை வாங்க ஐந்து திங்கள் ஆயின. உங்களுக்கு அக்காத்திருப்பு வேண்டா. பெயரை முழுதும் படித்தபின் வாங்குங்கள்.