சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை, 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. இப்போது ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை உரிமத்துடன் வளர்க்கலாம். ஒளித்து வளர்த்த காலத்தில், கிடைத்த பூனையே நம் பூனையாக இருந்தது. வெளிப்படையாக வளர்க்கும் காலம் வந்ததும், எந்த இனம் வாங்குவது என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. பாரசீகப் பூனையா, பிரிட்டிஷ் ஷார்ட்ஹேரா, காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டா? வம்சாவளிச் சான்றிதழ் இருந்தால் விலையும் ஏறுகிறது, மதிப்பும் ஏறுகிறது. அந்தச் சான்றிதழ் நமக்கு உண்மையில் எதைச் சொல்கிறது? பூனையின் தோற்றத்தைத் திட்டவட்டமாகச் சொல்கிறது. குணத்தை ஓரளவு சொல்கிறது. உடல்நலத்தைப் பற்றித் தனியே சோதித்துப் பார்த்தாலொழியச் சொல்வதில்லை. இதுதான் என் வாதம். இதற்கு நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய பூனை இனத்தைவிட நல்ல சான்று கிடையாது.

சிங்கப்பூரா என்று ஓர் இனம் இருக்கிறது. உலகின் மிகச் சிறிய பூனை இனங்களில் ஒன்று. வளர்ந்த பெண் பூனையே ஏறக்குறைய 2 கிலோதான் இருக்கும். பெரிய காது, பெரிய கண், தந்த நிற உடலில் ஒவ்வொரு முடியிலும் வெளிர்நிறமும் கரும்பழுப்பும் மாறி மாறி வரும். 1975இல் ஹால் மெடோ, டாமி மெடோ என்ற அமெரிக்கத் தம்பதியர் டெஸ், டிக்கிள், புஸ்ஸே என்ற மூன்று பூனைகளை சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இவை சிங்கப்பூர்த் தெருப் பூனைகள் என்றார்கள். அமெரிக்காவின் பூனை வளர்ப்போர் அமைப்பான சிஎஃப்ஏ 1982இல் இந்த இனத்தைப் பதிவேட்டில் சேர்த்தது. 1988இல் போட்டிகளில் பட்டம் வெல்லும் தகுதியும் கொடுத்தது. இடையில் 1987இல், மேலும் சில பூனைகளைத் தேடி இங்கு வந்த ஜெரி மேயஸ் என்ற அமெரிக்க வளர்ப்பாளரின் கண்ணில் பழைய இறக்குமதி ஆவணங்கள் பட்டன. அந்த மூன்று பூனைகளும் 1974இல் அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூருக்குள் வந்தவை என்று அந்த ஆவணங்கள் காட்டின! தாம் 1971இல் இங்கிருந்து அனுப்பிய பூனைகளின் பேரப்பிள்ளைகளே அவை என்று ஹால் மெடோ விளக்கம் தந்தார். சிஎஃப்ஏ விசாரித்து, தவறு நடந்ததாகக் கருத இடமில்லை என்று முடித்துக்கொண்டது. நம் சுற்றுலாத் துறையோ 1990களின் தொடக்கத்தில் இதையே 'குசிந்தா' என்ற பெயரில் நாட்டின் சுற்றுலாச் சின்னமாக்கியது. கேவனா பாலத்தருகே ஆற்றங்கரையில் அதன் வெண்கலச் சிலைகளை இன்றும் பார்க்கலாம்.

ஆவணங்கள் முடிக்காத வழக்கை மரபணு ஆய்வு தொடர்ந்தது. 22 இனங்களை ஒப்பிட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வில், சிங்கப்பூரா பர்மியப் பூனைக்கு மிக நெருங்கிய உறவாகத் தெரிந்தது. மரபணு வேறுபாடு மிகக் குறைவாக இருந்த இனங்களும் இந்த இரண்டுமே. சிங்கப்பூரா தெருவில் அல்ல, வளர்ப்பாளர் கையில் உருவானதோ என்ற ஐயம் இதனால் வலுத்தது. இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: "அப்படிப் பழுப்பு நிறப் பூனைகள் நம் ஊரிலும் உண்டே? 1980களின் தொடக்கத்தில் இங்குள்ள விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்திலிருந்து அப்படி ஒன்று கிடைத்து, அதையும் இனப்பெருக்கத்தில் சேர்த்தார்களே?" உண்மைதான். பர்மியப் பூனைக்குரிய நிற மரபணு தென்கிழக்காசியாவில் தோன்றியது. ஆகவே நம் தெருக்களில் அது தென்படுவதில் வியப்பில்லை. ஆனால் ஒரு நிறம் ஓர் ஊரில் உண்டு என்பது வேறு. அந்த ஊரே ஓர் இனத்தை உருவாக்கியது என்பது வேறு. இனம் என்பது மனிதர் சில பூனைகளைப் பொறுக்கி எடுத்து, அவற்றுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இணை சேர்ப்பதால் வருவது. லண்டன் கிறிஸ்டல் பேலஸில் பெரிய பூனைக் கண்காட்சி நடந்த 1871க்குப் பிறகே இந்தப் பழக்கம் வேரூன்றியது.

அப்படிப் பொறுக்குவதற்கு ஒரு விலை உண்டு. சில பூனைகளிலிருந்தே ஓர் இனம் பெருகும்போது அவற்றின் குறைகளும் கூடவே பெருகும். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்து சோகை உண்டாக்கும் ஒரு பரம்பரை நோய் சிங்கப்பூராவில் இருக்கிறது. பாரசீகப் பூனைகளில் சிறுநீரக நீர்க்கட்டி நோயும், தட்டை முகத்தால் மூச்சுத் திணறலும் கண்ணீர் வழிதலும் உண்டு. மெய்ன் கூன், ராக்டால் இனங்களில் இதயத் தசை தடிக்கும் நோய்க்கான மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது ஸ்காட்டிஷ் ஃபோல்ட். நாம் கொஞ்சும் அந்த மடிந்த காது, குருத்தெலும்பின் குறைபாடு. அந்தக் குறைபாடு காதோடு நிற்பதில்லை. கால், வால் மூட்டுகளையும் பாதித்து வலி கொடுக்கும். பிரிட்டனின் பூனைப் பதிவு அமைப்பு 1970களிலேயே இந்த இனத்தைப் பதிவதை நிறுத்திவிட்டது. காது மடிந்திருப்பதே நோயின் அடையாளம் என்றால், எவ்வளவு நல்ல சான்றிதழும் அந்தப் பூனையின் மூட்டைக் காப்பாற்றாது.

சரி, குணத்துக்காகவாவது இனம் பார்க்க வேண்டாமா என்று கேட்பது நியாயமே. பின்லாந்தில் 5,726 பூனைகளை வைத்து 2019இல் வந்த ஆய்வு, இனங்களுக்கிடையே குண வேறுபாடு இருப்பதைக் காட்டியது. மனிதரை நாடி வருவதில் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் பின்தங்கியிருந்தது. குண வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருகிறது என்றும் அது கணித்தது. எனவே இனத்துக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மீதிப் பாதியும் இருக்கிறதே! குட்டி பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை மனிதர் கை பட்டு வளர்ந்ததா என்பது வாழ்நாள் முழுதும் அதன் பழக்கத்தைப் பெரிதும் பாதிக்கிறது. கூண்டிலேயே வளர்ந்து விற்பனைக்கு வந்த உயர்ரகக் குட்டி மிரளலாம். தேக்காவின் காப்பிக்கடை ஓரத்தில் பலர் கை பட்டு வளர்ந்த குட்டி மடியில் வந்து படுத்துக்கொள்ளலாம். வளர்ந்த பூனையைத் தத்தெடுப்பவருக்கு இன்னொரு வசதி உண்டு. அதன் குணத்தை ஊகிக்க வேண்டியதில்லை, நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நம் தெருக்களில் வாழும் சமூகப் பூனைகளுக்கும் தோற்றச் சிறப்பு இல்லாமல் இல்லை. சிராங்கூன் சாலை ஐந்தடி நடைபாதையில் படுத்திருக்கும் பூனையின் வாலைப் பாருங்கள். குட்டையாகவோ முனையில் முடிச்சிட்டதுபோலவோ இருக்கக்கூடும். அடிபட்ட வால் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். மலாய்த் தீவுக்கூட்டம் முழுவதும் பூனைகளுக்கு இப்படிப்பட்ட வால் இருப்பதை டார்வின் 1868ஆம் ஆண்டு நூலிலேயே குறித்திருக்கிறார். யாரும் பொறுக்கி எடுக்காமலே இந்த வட்டாரத்தில் நிலைத்துவிட்ட அடையாளம் அது.

எந்தப் பூனையானாலும் பராமரிப்பில் சலுகை கிடையாது. வருடம் முழுதும் புழுக்கமான நம் ஊரில் நீண்ட முடிப் பூனையைத் தினமும் சீவிவிட வேண்டும். இல்லையென்றால் முடி சிக்குப் பிடித்துத் தோல் புண்ணாகும். மாடி வீட்டில் சன்னலுக்கு வலை போடாமல் பூனையைக் கொண்டுவரவே கூடாது. கருத்தடை, தடுப்பூசி, நுண்சில்லு, உரிமம் நான்கும் உயர்ரகத்துக்கும் உண்டு, தெருவில் எடுத்ததற்கும் உண்டு. வங்காளப் பூனை, சவானா போன்ற காட்டு விலங்குக் கலப்பினம் வேண்டுமென்றால், காட்டு மூதாதையிலிருந்து குறைந்தது ஐந்து தலைமுறை விலகியிருக்க வேண்டும் என்ற விதியும் இங்கே உண்டு.

ஆகவே நேயர்களே, இனப் பூனை வாங்கியே தீருவேன் என்பவர் விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: தாய் தந்தைக்குச் செய்த மரபணுச் சோதனை முடிவு, குட்டி வளர்ந்த இடத்தை நேரில் பார்க்க அனுமதி, கால்நடை மருத்துவரின் பதிவேடு. இவற்றைக் காட்டத் தயங்குபவரிடம் எந்தச் சான்றிதழ் இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். இனம் முக்கியமில்லை என்பவர், கடைக்குப் போகுமுன் பூனை நலச் சங்கத்திடமோ உங்கள் புளோக்கில் சமூகப் பூனைகளுக்கு உணவிடுபவரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். வீடு தேடும் பூனைகள் அங்கே நிறையவே இருக்கின்றன.