கல்லறை இல்லாத வீடுகள்



டிசம்பர் 3 என்றதும் முத்துக்குளித்துறை மக்களாகிய நமக்குப் புனித சவேரியார் நினைவுக்கு வருகிறார். 1552இல், சீனாவுக்கு அருகே சான்சியன் தீவில், சொந்த பந்தம் யாரும் பக்கத்தில் இல்லாமல் அவர் உயிர்விட்டார். அதே டிசம்பர் 3 இன்னொரு கத்தோலிக்கருக்கும் நினைவுநாள். அவர் குருவுமல்ல, துறவியுமல்ல. காலாட்படையில் ஒரு லான்ஸ் நாயக். பெயர் ஆல்பர்ட் எக்கா.

இன்றைய ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்து ஜாரி கிராமத்தில், 1942இல், பழங்குடிக் குடும்பமொன்றில் பிறந்தார். ஹாக்கியில் கெட்டிக்காரர். இருபது வயதில் பீகார் ரெஜிமெண்டில் சேர்ந்து, பின்பு 14ஆம் கார்ட்ஸ் படைப்பிரிவுக்கு மாறினார்.

1971 போரில், அகர்தலாவுக்கு மேற்கே கங்காசாகரில், எதிரியின் பதுங்குகுழியிலிருந்து வந்த இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் தோழர்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். எக்கா பாய்ந்துபோய், துப்பாக்கி முனைக் கத்தியால் இருவரைக் குத்தி வீழ்த்தினார். தாமும் பலத்த காயம்பட்டார். ஆனாலும் ஒதுங்கவில்லை. இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து மற்றொரு இயந்திரத் துப்பாக்கி சுட ஆரம்பித்தபோது, தவழ்ந்து சென்று கையெறி குண்டை வீசினார். அதற்கும் அடங்காததால் சுவரேறி உள்ளே புகுந்து அடக்கினார். பிறகுதான் அவர் உயிர் பிரிந்தது. நாடு அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கியது.

ஐந்தாம் கட்டளையை அறிந்த நமக்கு இதைக் கேட்கையில் நெஞ்சு உறுத்தும். உறுத்தத்தான் வேண்டும். கொல்லப்பட்டவர்களையும் ஒரு தாய்தான் பெற்றாள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கண்மூடித்தனமான போரைக் கண்டித்தது. அதேவேளை, மக்களின் பாதுகாப்புக்காக நேர்மையாகப் பணிசெய்யும் படைவீரரை அமைதியின் பணியாளராகவும் மதித்தது. ஆகவே நாம் போரைக் கொண்டாடுவதில்லை. மற்றவர்களுக்காகத் தன்னையே கொடுத்தவரை மறப்பதுமில்லை.

எக்காவின் உடல் ஊர் திரும்பவில்லை. அகர்தலா அருகிலேயே அடக்கம் செய்தார்கள். ராஞ்சியின் முக்கியச் சந்திப்புக்கு அவர் பெயர் வைத்தார்கள், சிலையும் எழுந்தது. ஆனால் மாலை மங்கும் நேரம் போய் ஒரு மெழுகுதிரி ஏற்றிவைக்க அவர் மனைவிக்குச் சொந்த ஊரில் கல்லறை இருக்கவில்லை. அடக்கம் செய்த இடத்தின் மண் வந்து சேரவே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்த வேதனையைப் பெரியதாழைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போனவர் கரை திரும்பாத வீடுகள் நம் கடற்கரை எங்கும் உண்டு. கல்லறைத் திருநாளில் எல்லாரும் பூவும் திரியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போக, அந்த வீட்டுப் பெண்கள் எங்கே போவது என்று தெரியாமல் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் அவர்களைக் கடந்து போய்விடுகிறோம்.

இந்த டிசம்பர் 3 திருப்பலியில், உடல் கிடைக்காத நம் மக்களின் பெயர்களையும் மன்றாட்டில் சேர்த்துச் சொல்வோம். பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல், அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்து, போனவரைப் பற்றிப் பேசுவோம். அவர் பெயரைப் பிறர் வாயால் கேட்பதே அவர்களுக்கு ஆறுதல்.

நமக்குத் தெரியாத இடம் இறைவனுக்குத் தெரியும். கடலும் போர்க்களமும் அவர் கைக்குள்தான் இருக்கின்றன. ஆமென்.