விமானம் தரையிறங்கும் முறை
(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியின் மேன்மையைப் பற்றி என்னினும் நன்றாகப் பேச வல்லவர்கள் இம்மேடையில் அமர்ந்திருக்கின்றார்கள். ஆகவே, எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசுவதே முறை எனக் கருதுகின்றேன். நான் விமானி அல்லன். விமானச் சக்கரங்களையும் பிரேக்குகளையும் பழுது பார்த்துப் பிழைத்தவன். காரியாபட்டிப் பக்கத்துக் கரிசற் காட்டில் மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருக்கும்போது, மதுரையை நோக்கித் தாழ்ந்து செல்லும் விமானத்தை நிமிர்ந்து பார்த்திராதவர் நம்மில் எவரும் இலர். அது எவ்வாறு இறங்குகின்றது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

பாரம் ஏற்றிய வண்டி கண்மாய்க் கரையிலிருந்து கீழே இறங்குவதை எண்ணிப் பாருங்கள். சரிவில் கால் வைத்த பின்பு மாட்டை இழுத்துப் பிடிப்பவன் நல்ல வண்டிக்காரன் அல்லன். கரையின் மேல் இருக்கும்போதே அவன் கயிற்றைப் பிடித்துவிடுகின்றான். ஜெட் விமானமும் அப்படியே. உயரம் ஒரு பாரம். வேகம் மற்றொரு பாரம். இரண்டையும் ஒருங்கே குறைப்பது அதற்கு எளிதன்று. மூக்கைத் தாழ்த்தினால் வேகம் கூடிவிடும். ஆகையால் ஆயிரம் அடி இறங்குவதற்கு மூன்று கடல்மைல் தூரம் வேண்டுமென்று விமானிகள் மனக்கணக்கு வைத்திருக்கின்றனர். 35,000 அடி உயரத்தில் வரும் விமானத்திற்கு 105 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 195 கிலோமீட்டர் வேண்டும். வடக்கே சென்னைத் திசையிலிருந்து அவ்வுயரத்தில் மதுரைக்கு வரும் விமானம், திருச்சிக்கு நேரே வருமுன்பே இறங்கத் தொடங்கியாக வேண்டும். வேகத்தைக் குறைப்பதற்கு மேலும் சில மைல்கள் தேவைப்படும்.

பத்தாயிரம் அடிக்குக் கீழே வேகம் பொதுவாக 250 நாட்டுக்கு மேற்படலாகாது. பின்னர் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடல்களைப் படிப்படியாக இறக்குவார்கள். குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்கும் ஆற்றலை அவை இறக்கைக்குத் தருகின்றன. அதன்பின் சக்கரங்கள் இறங்கும்.

காற்றையும் பார்க்க வேண்டும். களத்தில் தூற்றும் நம் பெண்களுக்குக் காற்றின் திசையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை! மதுரை ஓடுதளம் கிழக்கு மேற்காக அமைந்தது. அதன் இரு முனைகளுக்கும் 09, 27 என்று எண்கள் உண்டு. அவை 90 பாகை, 270 பாகை என்னும் திசைகளைக் குறிப்பன. ஆடி மாதத்து மேல்காற்றில் கிழக்கேயிருந்து வந்து மேற்கு நோக்கி இறங்குவதே வழக்கம்; எதிர்க்காற்று தரைவேகத்தைக் குறைத்துவிடும்.

இறுதிச் சரிவு மூன்று பாகை. 140 நாட் வேகத்தில், நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 அடி வீதம் விமானம் இறங்கும். ஓடுதளத்தின் ஓரத்தில் நான்கு விளக்குகள் ஒரு வரிசையில் இருக்கும். இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் பாதை சரி. நான்கும் வெள்ளையானால் மிக உயரம். நான்கும் சிவப்பானால் மிகத் தாழ்வு. ஓடுதளத்தின் தொடக்கத்தை 50 அடி உயரத்தில் கடந்து, சுமார் ஆயிரம் அடி தள்ளித் தரையைத் தொட வேண்டும். தொட்டவுடன் இறக்கையின் மேலுள்ள தட்டுகள் எழும்பி நிற்கும். இதைக் காற்றைத் தடுக்கும் வேலை என்றே பலர் எண்ணுகின்றனர். அதனினும் முக்கியமானது, இறக்கையின் தூக்கும் ஆற்றலைக் கெடுத்து எடை முழுவதையும் சக்கரத்தின் மேல் இறக்குவது; எடையில்லாத சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. எஞ்சினின் எதிர்விசையும் துணை செய்யும்.

மதுரை ஓடுதளத்தின் நீளம் 2,285 மீட்டர். 140 நாட் வேகத்தில் நொடிக்கு 72 மீட்டர் கடந்துபோகும். பத்து நொடி தரையைத் தொடாமல் மிதந்தால் 720 மீட்டர், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வீணாகிவிடும். மழை பெய்திருந்தால் நிலைமை இன்னும் கடினம்.

ஆகவே ஒரு விதி வகுக்கப்பட்டது. மேகமூட்டமாயின் ஆயிரம் அடியிலும், தெளிந்த வானமாயின் 500 அடியிலும், வேகம், சரிவு, மடல்கள், சக்கரம், எஞ்சின் விசை ஆகிய யாவும் ஒழுங்காய் அமைந்திருத்தல் வேண்டும். ஒன்று பிசகினாலும் இறங்கலாகாது. மீண்டும் மேலெழுந்து சுற்றி வர வேண்டும். இதற்குக் 'கோ அரவுண்ட்' என்று பெயர். இதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த விமானம் தாமதமாக இறங்கத் தொடங்கியது. இறுதிப் பாதையில் இருக்க வேண்டிய உயரத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு உயரத்தில் இருந்தது. துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' என்று கூறினார். தலைமை விமானி இறக்கத்தைத் தொடர்ந்தார். 8,033 அடி ஓடுதளத்தில் 5,200 அடி கடந்தபின்பே சக்கரம் தரையில் பதிந்தது. எதிர்விசையை இயக்கிய பின்பு மீண்டும் எழ முயன்றதும் விதிக்கு மாறானதே. 166 பேரில் 158 பேர் மாண்டனர். 2020 ஆகஸ்டு 7 அன்று கோழிக்கோட்டில், மழையிலும் பின்காற்றிலும், மற்றொரு விமானம் ஏறத்தாழப் பாதி ஓடுதளம் கடந்து தரையைத் தொட்டது. அங்கும் துணை விமானி சொன்னார். 21 உயிர்கள் போயின.

இளைஞர்களே, இவ்விடத்தில் சற்று நின்று பேச விரும்புகின்றேன். 1977இல் டெனரீஃப் தீவில் இரு விமானங்கள் ஓடுதளத்தில் மோதி 583 பேர் இறந்த பின்னர், மூத்தவர் தவறும்போது இளையவர் வாய் திறக்கவும், மூத்தவர் அதற்குச் செவி சாய்க்கவும் பயிற்சியளிக்கும் முறை உலகெங்கும் பரவலாயிற்று. விமானத்தை ஓட்டுபவர் ஒருவர், கண்காணிப்பவர் ஒருவர் எனப் பணி வகுக்கப்பட்டுள்ளது. கண்காணிப்பவர் இளையவரே ஆயினும், பிழை கண்டால் உரக்கச் சொல்லுவது அவருடைய கடமை. சொல்லியும் கேளாவிடில் விமானத்தைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவும் அவர் கடமைப்பட்டவர்.

சொல்லுதல் எளிதா? பெரியவீட்டு முற்றத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கி, வாய் பொத்தி நின்றவர் என் தந்தையார். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு சக்கரத்தின் டயரில் நூலிழை வெளித்தெரிவதைக் கண்டேன். மேலதிகாரி பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டார். அவர் பார்த்திருப்பார், நாம் யார் சொல்ல என்று நின்றேன். விமானம் புறப்படுமுன் வேறொரு பணியாளர் கண்டு நிறுத்தினார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே: 'நீ பார்த்தாயா?' பார்த்தேன் என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை. அதன்பின் முப்பதாண்டுகள் வேலை செய்தேன். ஐயம் தோன்றிய ஒவ்வொரு முறையும் சொன்னேன். சிலமுறை என் ஐயம் தவறாயிருந்தது. அதற்காக எவரும் என்னைத் தண்டித்ததில்லை. ஓரிருவர் முகம் சுளித்தனர், அவ்வளவே.

விமானி ஆவதற்குப் பெரும் பொருட்செலவு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் விமானங்களுக்கு வழிகாட்டும் கட்டுப்பாட்டு அலுவலர் பணிக்கு, இயற்பியலும் கணிதமும் பயின்ற அறிவியல் பட்டதாரிகளும் போட்டித் தேர்வு எழுதலாம். பராமரிப்புப் பணிக்கும் அவ்விரண்டு பாடங்களே அடிப்படை.

கூட்டம் முடிந்தபின் கரும்பலகையில் மூன்று பாகைச் சரிவை வரைந்து காட்டுகின்றேன். கேள்விகள் இருக்கும், தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும், முதற் கேள்வியைப் பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடமிருந்து கேட்க விரும்புகின்றேன்.