பாஸ் வேலைக்கும் ஒரு பத்திரம் வேண்டும்

(சங்கத்தின் வட்டார இளைஞர், பெற்றோர் கூட்டத்தில் கல்விப் பிரிவுப் பொறுப்பாளர் ஆற்றிய உரை)



தம்பிமார் முன்னால் வந்து உட்கார்ந்தால் நல்லது. இன்றைக்குப் பேசப்போவது உங்களைப் பற்றித்தான்.

என் வீட்டுக் கதையோடு தொடங்குகிறேன். என் அத்தான், அக்காவின் புருஷன், மேசன் பாஸ். தோட்டத்தில் பேர் பதியாமல் பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போனவர். முதலில் சீமெந்து குழைத்தார், பிறகு கல் கட்டினார், பிறகு பூச்சு, பிறகு டைல்ஸ். இருபத்திரண்டு வருடம். வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் அவர் கை படாத வீதி குறைவு. அந்த வருமானத்தில்தான் மகளைப் படிக்க வைத்தார். மகள் உயர்தரத்தில் கலைப்பிரிவில் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போனாள். எங்கள் லயத்திலிருந்து போன முதல் பிள்ளை. அவள் பட்டம் வாங்கிய அன்று பெரட்டுக் களத்தில் மேளம் அடித்தோம். மாலை வாங்கி வந்தது நான்தான்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை மூன்று வருடம் வீட்டில் இருந்தாள். வர்த்தமானி பார்ப்பாள், விண்ணப்பம் போடுவாள், நேர்முகப் பரீட்சைக்குப் போய் வருவாள். 2020இல் அரசாங்கம் ஐம்பதாயிரம் பட்டதாரிகளைப் பயிலுனராக எடுத்தபோது மாதம் இருபதாயிரம் ரூபா கொடுப்பனவில் அவளுக்கும் ஓரிடம் கிடைத்தது. அந்த மூன்று வருடமும் வீட்டுக்கு அரிசி வந்தது அத்தானின் கரணையிலிருந்து.

அதே வீட்டில் இன்னொன்றும் நடந்தது. அத்தான் மத்திய கிழக்குக்குப் போக முயற்சி செய்தார். முகவர் நிலையத்தில் கேட்டார்கள்: "பாஸ், சேர்டிபிகட் எங்கே?" அவரிடம் இருந்தது இரண்டு கை மட்டும். ஹெல்பராகத்தான் அனுப்பினார்கள். அங்கே போய்ப் பார்த்தால், அவரிடமே மூன்று வருடம் வேலை பழகிய ஒரு பையன் மேசனாக வந்திருக்கிறான். அந்தப் பையனிடம் என்.வி.கியூ. நான்காம் மட்டச் சான்றிதழ் இருந்தது. குருவுக்கு ஹெல்பர் சம்பளம், சிஷ்யனுக்கு மேசன் சம்பளம். அத்தான் அதைச் சொல்லும்போது சிரிப்பார். நான் இதுவரை சிரித்ததில்லை.

ஆக ஒரே வீட்டில் மகளிடம் பத்திரம் இருந்தது, வேலை இல்லை. அப்பாவிடம் வேலை இருந்தது, பத்திரம் இல்லை. இது நம் சமூகத்தில் எத்தனை வீட்டில் நடக்கிறது என்று நீங்களே கையை விட்டு எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததும் இல்லை, நேற்று வந்ததும் இல்லை. 1945இல் கன்னங்கரா அவர்களின் காலத்தில் இலவசக் கல்வி வந்தது. நாட்டின் கிராமத்துப் பிள்ளைகள் அதனால் படித்து மேலே வந்தார்கள். ஆனால் படித்த பிள்ளை எதிர்பார்த்த உத்தியோகம் அந்த வேகத்தில் பெருகவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் துப்பாக்கி தூக்கியவர்களில் பலர் படித்து வேலை இல்லாத இளைஞர்கள். அதே வருடம் சர்வதேச தொழில் அமைப்பு டட்லி சியர்ஸ் என்ற பொருளியல் அறிஞரின் தலைமையில் ஒரு குழுவை இங்கே அனுப்பி ஆராய்ந்தது. பள்ளிக்கூடம் பிள்ளையின் மனதில் வளர்க்கும் எதிர்பார்ப்பு ஒரு பக்கம், நாட்டில் உள்ள வேலை இன்னொரு பக்கம் என்று அந்த அறிக்கை சொன்னது. ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அறிக்கை பழசாகிவிட்டது, பிரச்சினை அப்படியே இருக்கிறது.

நமக்கு அந்த வண்டியே தாமதமாகத்தான் வந்தது. இலவசக் கல்வி வந்தபோது நம் பள்ளிக்கூடம் தோட்டத்துத் துரையின் கையில் இருந்தது. ஒரு வாத்தியார், ஒரு அறை, ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. எழுபதுகளில்தான் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. மற்றவர்கள் பட்டத்துக்கு வேலை இல்லையே என்று கவலைப்பட்ட காலத்தில், நாம் சாதாரண தரத்துக்கு வகுப்பில்லையே என்று கவலைப்பட்டோம்.

அதனால் ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பட்டம் வேண்டாம், பிள்ளைகளைத் தொழிலுக்கு அனுப்புங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பிள்ளையை எங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நம்மில் இன்னும் டாக்டர் வேண்டும், பொறியியலாளர் வேண்டும், சட்டத்தரணி வேண்டும், விஞ்ஞான, கணித ஆசிரியர் வேண்டும். நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. மாவட்டக் கோட்டாவும், அதற்கு மேல் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று ஒதுக்கிய ஐந்து வீதமும் உண்டு. அந்த இடங்களுக்கு நம் பிள்ளைகள் போட்டிபோட வேண்டுமானால் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலை பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தக் கோரிக்கையை சங்கம் ஒரு நாளும் கைவிடாது.

ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் போகாத பிள்ளைகள்தான் அதிகம். அவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. சாதாரண தரத்தில் கணிதம் போய்விட்டால் பிள்ளை "பெயில்". அடுத்த மாதம் கொழும்பில் கடை, இல்லாவிட்டால் காமெண்ட். பெற்றோரைக் கேட்டால், "கையில் அழுக்குப் படாத வேலை போதும் ஐயா" என்கிறார்கள். அந்த வார்த்தைக்குள் இருக்கும் வலி எனக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக நம் கையில் அழுக்கை மட்டும் வைத்துவிட்டு, கூலியையும் மரியாதையையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதனால் கைவேலை என்றாலே நமக்குக் கூலி வேலை. நானும் அப்படித்தான் நினைத்தேன். பல வருடங்களுக்கு முன் நம் பகுதியில் ஒரு தொழிற்பயிற்சி வகுப்பு தொடங்கலாமா என்று கேட்டபோது, "எங்கள் பிள்ளைகளைத் திரும்பவும் கூலியாக்கவா பார்க்கிறீர்கள்?" என்று எழுந்து சத்தம் போட்டவன் நான். கைதட்டினார்கள். வகுப்பு வேறு ஊருக்குப் போனது. அந்தக் கைதட்டலுக்கு விலை கொடுத்தது யார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

கூலிக்கும் பாஸுக்கும் என்ன வித்தியாசம்? கூலிக்கு நாளை வேலை உண்டா என்பதை மற்றவன் சொல்வான். ஒரு நல்ல எலக்ட்ரீசியனோ பிளம்பரோ, "அடுத்த கிழமைதான் வர முடியும்" என்று வீட்டுக்காரனிடம் சொல்லலாம். எங்கள் டவுனில் பிரிட்ஜ் பழுது பார்க்கும் பையனிடம் நான் இரண்டு முறை கெஞ்சியிருக்கிறேன்.

இனி பத்திரத்துக்கு வருவோம். என்.வி.கியூ. என்பது தேசிய தொழில் தகைமை. ஏழு மட்டம் உண்டு. நான்காம் மட்டம் வரைக்கும் தொழிற் சான்றிதழ்; நான்காம் மட்டம் என்றால் ஒருவர் மேற்பார்வை இல்லாமல் தனியாக அந்த வேலையைச் செய்யத் தகுதியானவர். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டத்துக்குச் சமம். இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. வெல்டிங் பழகப் போகும் பிள்ளைக்கும் அந்த வழி மூடப்படவில்லை. தொழிலுக்குப் போனால் படிப்பு முடிந்தது என்று நாம் நினைப்பது பழைய காலத்துக் கணக்கு. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் பாடசாலையிலேயே தொடர்ந்து தொழிற்பாடம் படிக்க, 13 வருடக் கல்வித் திட்டம் 2017 முதல் இருக்கிறது. எந்தப் பாடசாலையில், எந்த மொழியில் என்று அதிபரிடம் கேளுங்கள்.

மொழி என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கேதான் சங்கத்துக்கு வேலை. பிள்ளை ஆசையோடு போய், முழுதும் சிங்களத்தில் நடக்கும் வகுப்பில் இரண்டு கிழமை உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருகிறான். சிங்களம் பழகட்டும், நல்லதுதான். ஆனால் மின்சாரத்தை விளங்காத மொழியில் பழகுவது உயிரோடு விளையாட்டு. தமிழில் போதனாசிரியர் வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று.

வேலை தெரிந்து பத்திரம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். வகுப்புக்குப் போகத் தேவையில்லை. எங்கே எத்தனை வருடம் வேலை செய்தீர்கள் என்பதற்கு ஆதாரம் சேர்க்க வேண்டும்: வேலை கொடுத்தவரின் கடிதம், செய்த வேலையின் போட்டோ. பிறகு மதிப்பீட்டாளர் வந்து கேள்வி கேட்பார், வேலையைச் செய்து காட்டச் சொல்வார். கிடைக்கும் சான்றிதழ் வகுப்பில் படித்தவனுக்குக் கிடைக்கும் அதே சான்றிதழ்தான்.

அத்தான் ஐம்பத்தொரு வயதில் இதற்குப் போனார். விண்ணப்பம் நிரப்பியது பட்டதாரி மகள். தமிழில் கேள்வி கேட்க வேண்டும் என்று அதிலேயே எழுதினாள். கட்டிக் காட்டியதில் ஒரு குறையும் இல்லை. வரைபடத்தை வைத்து அளவு கேட்டபோது தடுமாறிவிட்டார். அந்தப் பகுதியை மட்டும் பழகிவிட்டு வரச் சொன்னார்கள். மகள் இரவில் மேசையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டாம் தடவை நான்காம் மட்டம் கிடைத்தது. அதை லெமினேட் பண்ணி, மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அதற்கு மாலை வாங்க மறந்துவிட்டேன் என்று அக்கா இன்னும் குத்திக் காட்டுகிறாள்.

தோட்டத்திலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்டோரில் ரோலரும் டிரையரும் நின்றுவிட்டால் ஓடிவரும் பிட்டர், லொறி ஓட்டிக்கொண்டே இயந்திரம் கழற்றி மாட்டும் டிரைவர். நாளைக்குத் தோட்டத்தை விட்டு வெளியே போனால் இவர்களின் இருபது வருட அனுபவம் கேட்டோடு நின்றுவிடும். இவர்களுக்குத்தான் முதலில் பத்திரம் வேண்டும்.

ஏமாறாமல் இருக்க இரண்டு கேள்வி. பயிற்சி நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? நீங்கள் சேரும் அந்தப் பாடநெறி என்.வி.கியூ. தரச்சான்று பெற்றதா? இரண்டும் வேறு வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். காசு கட்டும் முன் கேளுங்கள். அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகார சபையும், நைட்டாவும், தொழில்நுட்பக் கல்லூரிகளும் இருக்கும்போது, காதுத் தோட்டை அடகு வைத்துத் தனியார் வகுப்புக்கு ஓட வேண்டாம்.

இன்னொரு விடயம் தலைவர் அவர்களின் கவனத்துக்கு. மலையில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஈ.பி.எப். இருக்கிறது. அவள் சம்பளத்தில் எட்டு வீதம், கம்பனி பன்னிரண்டு வீதம், அதற்கு மேல் ஈ.டி.எப். மூன்று வீதம். நாள் சம்பளத்துக்காகப் போராடியதைப் போல இதையும் போராடித்தான் காப்பாற்றி வருகிறோம். அவள் மகன் கொழும்பில் நாளொன்றுக்கு அவளைவிடக் கூடுதலாக உழைக்கிறான். ஆனால் அவனுக்கு இதில் எதுவும் கிடைப்பதில்லை. சாரத்திலிருந்து விழுந்தால், கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஒப்பந்தக்காரர் போனை எடுக்க மாட்டார். அவன் நம் சங்கத்திலும் இல்லை, ஏனென்றால் நம் யாப்பில் உறுப்பினர் என்றால் தோட்டத் தொழிலாளி. அம்மா சந்தா கட்டுகிறாள், மகனுக்காகப் பேச ஆளில்லை. அடுத்த மாநாட்டில் அந்த வாசகத்தைத் திருத்த வேண்டும் என்று கல்விப் பிரிவின் சார்பில் பிரேரணை கொடுக்கப்போகிறோம். எதிர்ப்பவர்கள் அங்கே வந்து எதிர்க்கட்டும், பேசிப் பார்ப்போம்.

தேநீர் தயாராகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். அந்த மேசையில் அத்தானின் மகள் விண்ணப்பப் படிவங்களோடு இருக்கிறாள். அடையாள அட்டையின் பிரதி கொண்டு வந்தவர்கள் இன்றைக்கே நிரப்பலாம். கொண்டு வராதவர்கள் பெயரையும், என்ன வேலை தெரியும், எத்தனை வருடம் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். கமிட்டித் தலைவர்மார் தங்கள் டிவிஷனில் உள்ள பாஸ்மார், பிட்டர்மார், டிரைவர்மாரின் பட்டியலை மாத முடிவுக்குள் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். போன தடவை மூன்று டிவிஷன்தான் அனுப்பியது. எந்த மூன்று என்று இப்போது நான் சொல்லவில்லை.