மலையைக் குடைந்த வழியும் நம் கடமையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் கிழக்கேகோட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை இம்மன்றத்துக்கு வந்த நம்மில் பலர் கோட்டை வாயிலின் கீழே நடந்து வந்திருப்போம். மேலே கட்டடத்தின் பாரம். கீழே மக்கள் செல்லும் வழி. அண்ணாந்து பார்த்தவர் எத்தனை பேர்? தலைக்கு மேலுள்ள கல் நிலைத்து நிற்கும் என்ற நம்பிக்கையிலேயே நாள்தோறும் போகிறோம், வருகிறோம். அந்த நம்பிக்கையைக் காப்பது எவ்வாறு என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள். மலையைக் குடைந்து அமைத்த சுரங்கச் சாலைகள் முதுமையடையும்போது அவற்றைச் செப்பனிட்டுக் காப்பது பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

இப்பொருள் நமக்குப் புதியதன்று. நெல்லைச் சீமையிலிருந்து இந்நகரில் குடியேறிய குடும்பங்கள் பல ஆரியங்காவுக் கணவாய் வழியே வந்தவை. செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிற்று. 1918-இல் அப்பாதை திருவனந்தபுரத்தை எட்டிற்று. வண்டி குகைக்குள் நுழைந்ததும் ஜன்னலை அடைத்ததையும், கரிப்புகையில் கண் எரிந்ததையும், குழந்தைகள் கூவி மகிழ்ந்ததையும் நம் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பின்னர் மீட்டர் பாதையை அகற்றி அகலப் பாதை அமைத்தனர். 2018-இல் அம்மலைவழியே மீண்டும் வண்டிகள் ஓடின. நூறாண்டு கடந்த வழியும் பேணினால் பயன்படும் என்பதற்கு இதனினும் அருகில் வேறு சான்று வேண்டுமா?

ரயில் குகையாயினும் சாலைச் சுரங்கமாயினும் முதற்பகை ஒன்றே. அது நீர். மழைநீர் மலையின் வெடிப்புகளில் இறங்கி உட்சுவரின் பின்னே தேங்குகிறது. நாளடைவில் அது சுண்ணத்தைக் கரைக்கும், கம்பியைத் துருவேற்றும், துருவேறிய கம்பி பருத்துச் சிமெண்டைப் பிளக்கும். ஆதலால் செப்பனிடுவோர் முதலில் நீருக்கு வழிவிடுகின்றனர். சுவரில் துளையிட்டு வடிகால் அமைக்கின்றனர். பின்னர் விரிசல்களில் சிமெண்டுப் பாலை அழுத்தி ஏற்றுகின்றனர். தளர்ந்த பாறையை நீண்ட இரும்பு முளைகளால் பிணைக்கின்றனர். கம்பிவலை விரித்து அதன்மேல் சிமெண்டுக் கலவையைப் பீய்ச்சுகின்றனர். வடிகால் அடைந்தால் விளைவது என்ன என்பதைப் பெருமழையில் கிழக்கேகோட்டையிலும் தம்பானூரிலும் முழங்கால் நீரில் நடந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீருக்கு அடுத்த பகை அசட்டை. ஜப்பானில் ஸஸாகோ சுரங்கச் சாலை 1977-இல் திறக்கப்பட்டது. 2012 டிசம்பர் 2-ஆம் நாள் அதன் மேற்கூரைப் பலகைகள் இடிந்து விழுந்தன; ஒன்பது பேர் மாண்டனர். அப்பலகைகளைத் தாங்கிய முளைகள் பிடிப்பு இழந்திருந்தன. அருகில் சென்று சுத்தியலால் தட்டிப் பார்க்கும் சோதனை பல்லாண்டுகளாக அங்கு நடைபெறவில்லை. சாலைக் கம்போளத்தில் பானை வாங்கும் நம் தாய்மார்கள் விரலால் சுண்டிப் பார்க்காமல் காசு கொடுப்பதுண்டா? பானைக்குக் காட்டும் எச்சரிக்கையைப் பாதைக்குக் காட்டாததனால் ஒன்பது உயிர்கள் போயின. அதன் பின்னரே ஐந்தாண்டுக்கு ஒருமுறை நெருங்கிச் சோதிக்க வேண்டும் என்று அந்நாட்டில் விதி செய்தனர்.

மூன்றாம் பகை நெருப்பு. பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங் சுரங்கத்தில் 1999 மார்ச் 24-ஆம் நாள் ஒரு லாரி தீப்பற்றியது. முப்பத்தொன்பது பேர் உயிரிழந்தனர். புகையை விரட்டும் ஏற்பாடும் ஒதுங்கி உயிர்பிழைக்கும் அறைகளும் செம்மையாக்கப்பட்டு, 2002-இல்தான் அவ்வழி மீண்டும் திறந்தது.

நம் நாட்டிலும் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. காஷ்மீரத்துப் பனிஹாலில் 1956-இல் திறந்த ஜவாஹர் சுரங்கம், இரண்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ளது. எட்டரைக் கிலோமீட்டர் அளவில் புதிய சுரங்கம் 2021-இல் பயனுக்கு வந்தது. எனினும் பழையதைத் தூர்ந்துபோக விடவில்லை. எல்லைச் சாலை அமைப்பினர் அதனைப் பழுது பார்த்து, கண்காணிப்புக் கருவிகளும் புகையறியும் கருவிகளும் பொருத்தி, 2024-ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் ஒப்படைத்தனர்.

இதில் சிக்கனம் மட்டுமன்று, இயற்கைக்குச் செய்யும் நன்மையும் அடங்கியுள்ளது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்டுத் தொழிலால் விளைவது. இருக்கும் சுவரைக் காப்பாற்றினால் புதுச் சிமெண்டும் மிஞ்சும். மலையும் மறுபடி வெடிபடாது. வெளிவெயிலுக்கேற்ப ஒளியைக் கூட்டியும் குறைத்தும் எரியும் எல்.இ.டி. விளக்குகளால் மின்சாரமும் மிஞ்சுகிறது.

கேரளத்தின் முதற் சுரங்கச் சாலை திருச்சூரை அடுத்த குதிரானில் 2021 ஜூலை 31-ஆம் நாள் திறந்தது. அடுத்த ஜனவரியிலேயே பின்தொட்டியை உயர்த்தியபடி சென்ற டிப்பர் லாரி ஒன்று அங்கே நூறளவு விளக்குகளை உடைத்தெறிந்தது. இன்றைய புதுமையே நாளைய பழமை. அதன் முதுமைக்கு இன்றே பொருள் ஒதுக்குவதே அறிவுடைமை.

அன்பர்களே! புதிய வழிக்குத் திறப்பு விழா உண்டு, மாலை உண்டு, வாழ்த்துரை உண்டு. பழைய வழியின் வடிகாலைத் தூர்வாரும் தொழிலாளிக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. அவனுக்குக் கூலியும் கருவியும் குறையாமல் கிடைக்கிறதா, சோதனை காலந்தோறும் நடக்கிறதா என்று ஆட்சியாளரைக் கேட்பது நம் உரிமை. சுரங்கத்துள் முந்தாமல், நிற்காமல், விளக்கேற்றி ஓட்டுவதும், தீ கண்டால் வண்டியையும் பொருளையும் விட்டு உயிரோடு வெளியேறுவதும் நம் கடமை. இதைப் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம்.

விழா முடிந்து வீடு திரும்புகையில் கோட்டை வாயிலை ஒருகணம் அண்ணாந்து பாருங்கள். அது நமக்காக நிற்கிறது. அதற்காக நாமும் சிறிது நிற்போம்.