எத்தனை பேரில் எத்தனை பேர்?



"இன்ஜினியருக்கு ஆஸ்பத்திரியில என்னய்யா வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நான் பேச வந்தது வைத்தியம் இல்லை, கணக்கு.

2021 ஆகஸ்ட் மாதம். இஸ்ரேலில் கொரோனா மறுபடியும் தலைதூக்கியிருந்த நேரம். 15ஆம் தேதி நிலவரப்படி, நோய் முற்றி மருத்துவமனையில் இருந்தவர்களில் 301 பேர் தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டவர்கள். போடாதவர்கள் 214 பேர்தான். இந்தச் செய்தி உலகம் சுற்றி எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை வேறு. "பாத்தியாடா, ஊசி போட்டவங்கதான் அதிகமாப் படுத்திருக்காங்க. எனக்கு ரெண்டாவது ஊசி வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டார்.

பேப்பர், பேனாவோடு உட்கார்ந்தேன். முதல் கேள்வி: எத்தனை பேரில் 301? அந்த நாட்டில் 12 வயதுக்கு மேல் ஊசி போட்டவர்கள் சுமார் 56 லட்சம். போடாதவர்கள் 13 லட்சம். லட்சத்துக்கு எத்தனை என்று பார்த்தால், போட்டவர்களில் 5.3, போடாதவர்களில் 16.4. படம் அப்படியே தலைகீழாகிவிட்டது. ஊசியால் ஆபத்து மூன்றில் ஒரு பங்காகியிருக்கிறது. இத்தோடு நிறுத்தினால் பாதிக் கணக்குதான்.

இரண்டாவது கேள்வி: என்ன வயது? 50க்குக் கீழே, லட்சத்துக்குப் போட்டவர் 0.3, போடாதவர் 3.9. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்! 50ம் அதற்கு மேலும், போட்டவர் 13.6, போடாதவர் 91.9. ஏறக்குறைய ஏழு மடங்கு. இரண்டு வயதிலும் ஏழு, பன்னிரண்டு என்று இருப்பது, சேர்த்துப் பார்த்தால் மூன்றாகச் சுருங்குவது எப்படி?

வயதுதான் காரணம். ஊசி போடாதவர்களை மட்டும் பாருங்கள்: 3.9 எங்கே, 91.9 எங்கே! பெரியவர்களுக்கு ஆபத்து இருபது மடங்குக்கும் மேல். அந்தப் பெரியவர்களில் 90 சதவீதம் பேர் ஊசி போட்டிருந்தார்கள். போடாமல் இருந்தவர்களில் பெரும்பாலோர் இளவட்டம். இரண்டு கூட்டத்தையும் அப்படியே ஒப்பிட்டால் வயதானவர்களையும் வாலிபர்களையும் ஒப்பிட்டதாகத்தானே ஆகும்?

நம்ம தொழிலில் சொன்னால், தேய்ந்த பழைய மோட்டார்களுக்காகப் பார்த்து உயர்ந்த ரக பேரிங் போடுகிறோம். பிறகு ரிப்பேருக்கு வந்த மோட்டார்களை எண்ணிவிட்டு, "நல்ல பேரிங் போட்டதுதான் நிறைய வருது, பேரிங் சரியில்லை" என்றால் ஃபோர்மேன் சிரிப்பாரா, இல்லையா?

இதற்குச் 'சிம்ப்சன் முரண்' என்று பெயர். எட்வர்டு சிம்ப்சன் 1951இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். அம்மாவிடம் அந்தப் பெயரெல்லாம் சொல்லவில்லை. "உன் வயசுக்காரங்க கணக்கு இதும்மா" என்று 13.6ஐயும் 91.9ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழிதிக் காட்டினேன். அடுத்த வாரம் ஊசி போட்டுக்கொண்டார்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு வேறு ஒரு நோய் வரும், வேறு ஒரு எண் உங்கள் கைக்கு வரும். பத்துப் பேருக்கு அனுப்பும் முன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை பேரில்? எந்த வயதில்? வகுத்தல் கணக்கு ஐந்தாம் வகுப்பிலேயே படித்ததுதான். அதைச் செய்யாமல் விட்டால் போவது மார்க் இல்லை, வீட்டில் ஒரு உயிர்.