விற்ற பின்னும் விலகாத உரிமை



பத்தாண்டு நிறைவு காணும் இவ்விழாவில் படைப்பாளியின் அறவுரிமை குறித்துப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். பதிப்புரிமை என்றதும் நம் நினைவுக்கு வருவது பணம். ஆயின் 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், தன் 57ஆம் பிரிவில், விலை பேச இயலாத இரண்டு உரிமைகளை வழங்குகிறது. இப்படைப்பு என்னுடையது என்று உரைக்கும் உரிமை ஒன்று. தன் மதிப்புக்கு ஊறு நேரும் வகையில் அது சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமை மற்றொன்று. பதிப்புரிமையை முழுவதும் விற்றுவிட்ட பின்னரும் இவ்விரண்டும் படைத்தவரிடமே நிலைத்து நிற்கும்.

தில்லி விஞ்ஞான் பவனுக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் 140 அடி நீளமுள்ள வெண்கலச் சுவர்ச்சிற்பம் ஒன்றைப் படைத்து, 1962இல் முடித்தார். 1979இல் அதனைப் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டனர். அவரிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பகுதிகள் பல சிதைந்தன. அரசு விலை கொடுத்துப் பெற்ற பொருள்தானே என்று அவர் அமைந்துவிடவில்லை. 1992இல் வழக்குத் தொடுத்தார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய சிற்பத்தை அவரிடமே ஒப்படைக்கவும், ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.

இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரியின் வழக்கு வேறு வகையினது. ‘ஆப் கா பண்ட்டி’ என்னும் தம் நாவலைத் திரைப்படமாக்கும் உரிமையை அவர் அளித்திருந்தார். படம் கதையைத் திரித்துவிட்டது எனக் கண்டு நீதிமன்றம் சென்றார். 1986இல் இருதரப்பும் இணங்கின. படத்திலிருந்து தம் பெயரும் நாவலின் பெயரும் நீங்க அவர் உடன்பட்டார். தன் பெயர் இடம்பெற வேண்டும் என்பது மட்டுமன்று, இடம்பெறக் கூடாது என்பதும் படைப்பாளிக்கு மானப் பிரச்சினையே.

நீதிமன்றங்களைப் பற்றிப் பேசும் நான், என் பிழையையும் சொல்லியாக வேண்டும். நம் முதல் ஆண்டு மலரைத் தொகுத்தபோது, பக்கம் போதாமையால், இளம் எழுத்தாளர் ஒருவரின் சிறுகதையில் இறுதிப் பத்தியை அவரைக் கேளாமல் நீக்கினேன். சன்மானம் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. “மேலே என் பெயர் இருக்கிறது, கீழே இருப்பது என் கதையன்று” என்று மட்டும் சொன்னார். பின்னர் அவர் நம் கூட்டங்களுக்கு வரவேயில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள்: எழுதியவரின் இசைவின்றி இனி ஒரு வரியையும் நாம் நீக்கலாகாது. அந்த நண்பர் இசைந்தால், அவருடைய கதையை அடுத்த மலரில் முழுமையாக வெளியிட வேண்டும். அவரை நேரில் கண்டு கேட்கும் பொறுப்பு என்னுடையது.